சூப்பர் ஜீப் (ஐஸ்லாந்து)

சூப்பர் ஜீப் என்பது ஆழ்ந்த பனியிலும் பனியாறுகளின் மீதும் பாலமில்லாத ஆறுகளிலும் செல்லத்தக்கவாறு, மிகப் பெரிய டயர்கள் பொருத்தி மாற்றியமைக்கப்பட்ட நான்கு சக்கர இயக்க ஊர்தி ஆகும். இவ்வகை ஊர்திகள் ஐஸ்லாந்து நாட்டில் தோன்றி வளர்ந்தவை. டயரிலுள்ள காற்றைப் பெருமளவு குறைத்து, வண்டியின் எடையைப் பனியின் மேற்பரப்பில் பரவச் செய்வதே இவற்றின் அடிப்படைத் தத்துவம் ஆகும். வண்டியில் செய்யப்படும் ஏனைய மாற்றங்களுட் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்தின் விளைவாகத் தேவைப்படுபவையே.

பெயர்

ஐஸ்லாந்து மொழியில் நான்கு சக்கர இயக்க ஊர்தி "யெப்பி" எனப்படும். இது ஜீப் என்னும் சொல்லின் திரிபு ஆகும். ஊர்தியை உருவாக்கிய நிறுவனம் எதுவாயினும் இப்பெயரே வழங்கும். டொயோட்டா லேண்ட் குரூசர், டொயோட்டா ஹைலக்ஸ், நிசான் பேட்ரோல், லேண்ட் ரோவர் டிபெண்டர் முதலியன பரவலாக மாற்றியமைக்கப்பட்டவை. சூப்பர் ஜீப் என்னும் பெயர் சுற்றுலாத் துறையின் வழியாகப் பிற நாட்டவரிடையே பரவியது.

பின்னணி

ஐஸ்லாந்தின் பரப்பளவு ஏறத்தாழ 103,000 சதுர கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பனியாறுகளால் மூடப்பட்டுள்ளது. இவற்றுள் பெரியதான வத்னயோக்குல், ஏறத்தாழ 7,700 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மக்கள் பெரும்பாலும் கடற்கரையோரங்களிலும் தாழ்நிலங்களிலும் வாழ்கின்றனர். நாட்டின் நடுப்பகுதியான மேட்டுநிலத்தில் நிலையான குடியிருப்புகள் இல்லை. அங்குள்ள கரடுமுரடான பாதைகள் "எஃப்" என்னும் எழுத்தால் குறிக்கப்படுகின்றன. அவை குளிர்காலத்தில் மூடப்பட்டு, பெரும்பாலும் சூன், சூலை மாதங்களிலேயே திறக்கப்படும். அப்பாதைகளில் பல ஆறுகளுக்குப் பாலங்கள் இல்லை. இத்தகைய நிலத்தில் குளிர்காலப் பயணத்துக்குச் சாதாரண நான்கு சக்கர இயக்க ஊர்திகள் போதுமானவையாக இல்லை.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 மே மாதத்தில் பிரித்தானியப் படைகளும் 1941 சூலையில் அமெரிக்கப் படைகளும் ஐஸ்லாந்தில் இறங்கின. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னரும் ஜீப்புகள் உழவர்களின் கைகளுக்கு வந்தன. திறந்த வண்டிகளாக இருந்த அவற்றுக்கு, நாட்டின் குளிருக்கு ஏற்ப மூடிய உடற்பகுதிகள் உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டப்பட்டன. வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றும் வழக்கம் இவ்வாறு தொடங்கியது.

தளர்ந்த நிலத்தில் டயரின் காற்றைக் குறைத்து ஓட்டும் முறை அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1920களிலும் 1930களிலும் ரால்ஃப் பேக்னால்டு என்னும் பிரித்தானியப் படை அதிகாரியும் அவருடைய தோழர்களும், எகிப்து, லிபியா பாலைவன மணலில் இம்முறையைக் கையாண்டனர். மணலுக்குப் பயன்பட்ட அதே தத்துவம் பனிக்கும் பொருந்தும் என்பதைப் பெரிய டயர்களைக் கொண்டு ஐஸ்லாந்தினர் 1980களில் செயலிற் காட்டினர். சேற்றுக்கும் மணலுக்குமென அமெரிக்காவில் செய்யப்பட்ட அகன்ற டயர்களே தொடக்கத்தில் இதற்குப் பயன்பட்டன. 1983 ஆம் ஆண்டில் நான்கு சக்கர ஊர்திப் பயணிகளின் சங்கம் ஒன்று அங்கு அமைக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டில், டொயோட்டா ஊர்திகளை இறக்குமதி செய்த நிறுவனத்துக்குள் தொடங்கப்பட்ட ஆர்க்டிக் டிரக்ஸ், இத்தகைய மாற்றங்களைச் செய்யும் பெயர்பெற்ற நிறுவனமாக வளர்ந்தது.

அடிப்படைத் தத்துவம்

டயர் நிலத்தைத் தொடும் பரப்பு, அதன் மீதுள்ள எடையையும் அதனுள் இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் அப்பரப்பு தோராயமாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 2,400 கிலோகிராம் எடையுள்ள வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 600 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 1,320 பவுண்டு எடையைத் தாங்குகிறது. சாலையில் ஓடும்போது டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் இருந்தால், தொடுபரப்பு 44 சதுர அங்குலம் ஆகும். அழுத்தத்தை 3 பவுண்டாகக் குறைத்தால் இது 440 சதுர அங்குலமாக உயர வேண்டும். டயரின் பக்கச்சுவரும் எடையில் ஒரு பகுதியைத் தாங்குவதால் உண்மையான பரப்பு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். எனினும் பல மடங்கு அதிகரிப்பு கிடைக்கிறது.

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒற்றைப் பாதத்தில் தம் முழு எடையையும் ஊன்றுகிறார். இது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 பவுண்டு அழுத்தம் ஆகும். ஆகவே நடப்பவரின் கால் புதையும் பனியில், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி புதையாமல் செல்லக்கூடும்.

காற்று குறையும்போது தொடுபரப்பு அகலத்தைவிட நீளத்திலேயே மிகுதியாகக் கூடுகிறது. டயரின் அடிப்பகுதி தட்டையாகி, கவச ஊர்தியின் சங்கிலித்தடம் போல நீண்டு அமைகிறது. டயர் தன் முன்னுள்ள பனியைத் தள்ளிச் செல்லாமல் அதன் மீது ஏறி அதை அமுக்கிச் செல்கிறது. விட்டம் கூடிய டயர் தேவைப்படுவதற்கு இதுவே காரணம் ஆகும். சிறிய டயரில் இதே அளவு காற்றைக் குறைத்தால் ரிம் நிலத்தில் இடிபடும்.

மாற்றியமைக்கும் முறை

டயரும் ரிம்மும்

மாற்றங்கள் பொதுவாக டயரின் விட்டத்தைக் கொண்டே வகைப்படுத்தப்படுகின்றன. 33, 35 அங்குல டயர்கள் கரடான பாதைகளுக்கும் குறைந்த பனிக்கும் போதுமானவை. பனியாற்றுப் பயணத்துக்கு 38 அங்குலம் அல்லது 44 அங்குலம் விட்டமுள்ளவை பயன்படுகின்றன. இவற்றினும் பெரியவையும் உண்டு. அழுத்தம் மிகக் குறையும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் வாய்ப்பு உள்ளது. இதைத் தடுக்க விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் அகன்ற ரிம்கள் பொருத்தப்படுகின்றன.

உடலும் சேசிசும்

38 அங்குல டயர், சாதாரண வண்டியின் சக்கரக் குழிக்குள் அடங்காது. ஆகவே மட்கார்டுகள் வெட்டப்பட்டு, அகன்ற நெகிழி வளைவுகள் பொருத்தப்படுகின்றன. வண்டியின் உடற்பகுதியோ தொங்கல் அமைப்போ உயர்த்தப்படுகிறது. சில வண்டிகளில் பின் அச்சு பின்னோக்கி நகர்த்தப்படுகிறது. உயரத்தைக் கூட்டுவதைவிட வெட்டி இடமுண்டாக்குவதே விரும்பத்தக்கது. ஏனெனில் உயரம் கூடக் கூட வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, கவிழும் அபாயம் அதிகரிக்கும்.

உடலை மட்டும் உயர்த்துவதால் அச்சுக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி கூடுவதில்லை. அதைக் கூட்டுவது பெரிய டயர் மட்டுமே. 31 அங்குல டயருக்கு மாற்றாக 38 அங்குல டயர் பொருத்தினால், விட்ட வேறுபாட்டின் பாதியான 3.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இடைவெளி கூடுகிறது.

பற்சக்கர விகிதம்

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தொலைவு செல்வதால், இயந்திரத்துக்கு எல்லாக் கியர்களும் உயர்ந்துவிட்டது போன்ற நிலை ஏற்படுகிறது. இதனால் வண்டியின் இழுவிசை குறைகிறது. இதைச் சரிசெய்ய அச்சுகளிலுள்ள பற்சக்கரங்கள் மாற்றப்படுகின்றன. முதலில் 4.10 விகிதம் இருந்த வண்டியில் டயரை 31 அங்குலத்திலிருந்து 38 அங்குலமாக மாற்றினால், பழைய இழுவிசையைப் பெற ஏறத்தாழ 5.03 விகிதம் தேவைப்படும். நடைமுறையில் இதற்கு அருகிலுள்ள 4.88 அல்லது 5.29 தேர்ந்தெடுக்கப்படுகிறது. முன், பின் அச்சுகள் இரண்டிலும் ஒரே விகிதம் இருத்தல் வேண்டும். இல்லையெனில் நான்கு சக்கர இயக்கத்தில் இரு அச்சுகளும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்துப் பற்சக்கரங்கள் சேதமடையும்.

மாற்றியமைக்கப்படாத வேகமானியும் தவறாகக் காட்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில், பற்சக்கரங்களும் மாற்றப்படாமல் இருந்தால், வேகமானி 80 எனக் காட்டும்போது வண்டி உண்மையில் மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மிக மெதுவாக ஊர்ந்து செல்வதற்காகச் சில வண்டிகளில் கூடுதலான ஒரு குறைவேகக் கியர்ப் பெட்டியும் சேர்க்கப்படுகிறது.

டிபரன்சியல் பூட்டு

திருப்பங்களில் உட்புறச் சக்கரமும் வெளிப்புறச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிபரன்சியல் உதவுகிறது. ஆனால் ஒரு சக்கரம் பனியில் வழுக்கிச் சுழலும்போது, மறு சக்கரத்துக்கும் அதே அளவு குறைந்த முறுக்கு விசையே கிடைக்கும். இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு இக்குறையை நீக்குகிறது. இது காற்றழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ இயக்கப்படும். கெட்டியான சாலையில் இதை விடுவித்தே ஓட்டவேண்டும்.

ஆறு கடப்பதற்கான மாற்றங்கள்

நீரை அமுக்க இயலாது. ஆகவே இயந்திரம் காற்றுடன் நீரையும் உள்ளிழுத்தால், பிஸ்டனை இணைக்கும் தண்டுகள் வளைந்து இயந்திரம் பாழாகும். இதைத் தவிர்க்கக் காற்று உள்ளிழுக்கும் குழாய் கூரை உயரத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. ஓட்டத்தால் சூடான அச்சுப்பெட்டி குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளே இழுக்கிறது. எனவே அச்சுப்பெட்டிகளின் காற்றுத்துளைகளுக்கும் நீண்ட குழாய்கள் இணைக்கப்படுகின்றன.

பிற கருவிகள்

டயரில் மீண்டும் காற்றடைக்க வண்டியிலேயே காற்றழுத்தி பொருத்தப்படுகிறது. புவியிடங்காட்டி, வானொலித் தொடர்பு, இழுவைக் கயிறு, மண்வாரி, கூடுதல் எரிபொருட் கலம் முதலியனவும் நெடும்பயணங்களுக்கு இன்றியமையாதவை.

ஓட்டும் முறை

பனி எந்த அளவுக்கு மென்மையோ, அந்த அளவுக்கு அழுத்தம் குறைக்கப்படுகிறது. சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 பவுண்டு வரையுள்ள அழுத்தம் ஆழ்ந்த பனியில் வழக்கமானது. வண்டி நின்றுவிட்டால் வேகத்தைக் கூட்டுதல் தவறு ஆகும். சுழலும் சக்கரம் பள்ளம் தோண்டி, வண்டியின் அடிப்பகுதி பனியில் அமர்ந்துவிடும். தான் வந்த தடத்திலேயே பின்வாங்கி மீண்டும் முன்செல்வதே முறை. கெட்டியான பாதைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பவேண்டும். குறைந்த அழுத்தத்துடன் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் இடைவிடாது வளைந்து, சூடேறிக் கிழியும்.

பனியாற்று நீரால் பெருகும் ஆறுகளில் காலையில் நீர் குறைந்தும், வெப்பமான நாட்களின் பிற்பகலில் உயர்ந்தும் காணப்படும். ஆறு அகன்று சலசலத்து ஓடும் இடமே பொதுவாக ஆழம் குறைந்தது. குறுகி அமைதியாக ஓடும் இடம் ஆழமானதாக இருக்கும். பனியாறுகளில் மறைந்திருக்கும் பிளவுகள் பெரும் அபாயமானவை. எனவே ஒரே வண்டியாகச் செல்லாமல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளாகச் செல்வது நெறியாகும்.

பயன்பாடு

ஐஸ்லாந்தில் நிலையான இராணுவம் இல்லை. மலையிலும் பனியிலும் சிக்கியவர்களை மீட்கும் பணியின் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள் செய்கின்றனர். 1999 ஆம் ஆண்டில் இரு அமைப்புகள் இணைந்து உருவான லாந்த்ஸ்பியோர்க் மீட்புச் சங்கத்தின் குழுக்கள் இவ்வகை ஊர்திகளைப் பயன்படுத்துகின்றன. வானூர்தி பறக்க இயலாத பனிப்புயலில் இவை மீட்புக்கு உதவுகின்றன. பனியாறுகளிலும் எரிமலைப் பகுதிகளிலும் ஆய்வு செய்வோரும், சுற்றுலா நடத்துவோரும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

நாட்டுக்கு வெளியேயும் இவை பயன்பட்டுள்ளன. 2007 ஆம் ஆண்டில், ஆர்க்டிக் டிரக்ஸ் மாற்றியமைத்த ஹைலக்ஸ் வண்டிகள், 1996 இல் காந்த வடமுனை இருந்ததாகக் கணிக்கப்பட்ட இடத்தைச் சென்றடைந்தன. டாப் கியர் என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இப்பயணம் நடந்தது. பின்னர் அந்டார்க்டிக்காவிலும் இவ்வகை வண்டிகள் தென்முனை வரை சென்றுள்ளன.

குறைபாடுகள்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. கனமான சக்கரங்களைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் தேவைப்படுவதால் எரிபொருட் செலவு கூடுகிறது. பிரேக் பிடித்தபின் நிற்கும் தொலைவும் நீள்கிறது. ஸ்டியரிங் இணைப்புகள், சக்கரத் தாங்கிகள் ஆகியவை விரைவில் தேய்கின்றன. திருப்பங்களிலும் பக்கக்காற்றிலும் வண்டி நிலைகுலைய வாய்ப்புண்டு. ஆகவே ஐஸ்லாந்தில் இவ்வாறு மாற்றப்பட்ட வண்டிகள் சிறப்புத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. பிரேக், ஸ்டியரிங், வேகமானி ஆகியவற்றைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றுதல், வண்டியில் இருப்பவர்க்கும் சாலையில் செல்லும் பிறர்க்கும் தீங்கு விளைவிக்கும்.

சட்டமும் இயற்கைப் பாதுகாப்பும்

எங்கும் செல்லக்கூடிய வண்டி, எங்கும் செல்ல உரிமை பெற்றதன்று. ஐஸ்லாந்தின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் சாலைக்கு வெளியே ஊர்தி ஓட்டுவதைத் தடைசெய்கிறது. 2013 ஆம் ஆண்டின் சட்டம் பனியாறுகளுக்கும், நிலம் உறைந்து பனியால் மூடப்பட்டிருக்கும் இடங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. உறைந்த நிலத்தின் மேலுள்ள பனியில் பதியும் தடம், பனி உருகும்போது மறைந்துவிடும். ஆனால் எரிமலைக் குழம்புப் பாறைகளின் மீது படர்ந்துள்ள பாசியும் மேட்டுநிலத்தின் மெல்லிய மண்ணும் அத்தகையன அல்ல. குளிர்ந்த தட்பவெப்பத்தில் தாவர வளர்ச்சி மிகவும் மெதுவானது. கோடையில் ஒரே ஒரு வண்டி ஏற்படுத்தும் வடு ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகக்கூடும். அவ்வடுவின் வழியே நீர் ஓடி மண் அரிப்பும் தொடங்கும்.

பனியில் சுவடின்றிச் செல்வதற்கென உருவான இவ்வண்டி, பனியற்ற நிலத்தில் பாதையை விட்டு விலகும்போது அழியாத சுவட்டை விட்டுச்செல்கிறது. எனவே, எப்பருவத்தில் எந்நிலத்தில் ஓட்டலாம் என்னும் அறிவும் ஓட்டுநருக்குத் தேவையான பயிற்சியின் ஒரு பகுதி ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

நான்கு சக்கர இயக்கம்
டிபரன்சியல்
பனியாறு
ஐஸ்லாந்து