வெட்டுமுகம் நிற்குமா, சரியுமா?

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. சென்னை அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளிக்கு அருகே சாலை திடீரென உள்வாங்கியது. ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் சிக்கின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அடியில் மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கப்பாதை தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

தோண்டி முடித்த பகுதியைக் கான்கிரீட் வளையங்கள் தாங்கிக்கொள்ளும். சுரங்கம் தோண்டும் இயந்திரம் அரைத்துக்கொண்டிருக்கும் முன்பக்கத்துக்கு, அதாவது வெட்டுமுகத்துக்கு, அந்தப் பாதுகாப்பு கிடையாது. மண்ணை அங்கே நிறுத்தி வைப்பது அழுத்தம்தான். வெட்டிய மண்ணையே நுரை கலந்து களியாக்கி, இயந்திரத்தின் வெட்டுத்தலைக்குப் பின்னாலுள்ள அறையில் நிரப்புகிறார்கள். அதைத் திருகுக் குழாய் வழியே அளந்து வெளியேற்றுகிறார்கள். வெளியேற்றும் வேகத்தைக் குறைத்தால் அழுத்தம் ஏறும், கூட்டினால் இறங்கும்.

எவ்வளவு அழுத்தம் போதும்? களிமண்ணுக்கு ப்ரோம்ஸ், பென்னர்மார்க் என்ற இருவர் 1967-இல் தந்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மேலிருந்து வரும் பாரத்தில் உள்ளிருந்து கொடுக்கும் அழுத்தத்தைக் கழித்து, மீதியை மண்ணின் வலுவால் வகுக்க வேண்டும். விடை 6-ஐத் தொட்டால் ஆபத்து. சுரங்கத்தின் நடுமையம் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, மேற்பாரம் 270 கிலோபாஸ்கல், மண்ணின் வலு 50 என்று வைத்துக்கொள்வோம். அழுத்தமே கொடுக்காவிட்டால் விடை 5.4. உள்ளிருந்து 150 கொடுத்தால் 2.4-க்கு இறங்கிவிடும். அதற்காக அள்ளிக் கொடுக்கவும் முடியாது. அளவு மீறினால் நுரையும் சேறும் சாலையில் பொங்கும்.

மணலுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே வெட்டுமுகம் ஆப்பு வடிவில் சரிய, அதன் தலைமேல் மண் தூண்போல இறங்கும் என்று கொண்டு கணக்கிடுகிறார்கள். நிலத்தடி நீர் சேர்ந்துவிட்டால், அந்த நீரின் அழுத்தத்தையும் எதிர்த்துத் தாங்கியாக வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் மணலை வாரிக்கொண்டு உள்ளே வரும்.

சென்னையின் தலைவலி வேறு. பல இடங்களில் ஒரே வெட்டுமுகத்தின் மேற்பாதி மணலும் களிமண்ணுமாக, கீழ்ப்பாதி கடும்பாறையாக இருக்கும். பாறையை அரைக்க இயந்திரம் திணறி நிற்கும் நேரத்தில், மேலே இருக்கும் தளர்ந்த மண் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருக்கும். மூடிய பழைய கிணறு குறுக்கிட்டாலோ, அழுத்தம் அதன் வழியே தப்பிவிடும். எளிய சூத்திரங்கள் ஒரே சீரான மண்ணை நினைத்து எழுதப்பட்டவை. இப்படிப்பட்ட நிலத்தில் அவற்றைவிட, வெளியே வரும் மண்ணின் எடையையே நான் அதிகம் நம்புவேன்.

6.6 மீட்டர் விட்டமுள்ள இயந்திரம் ஒரு மீட்டர் முன்னேறினால், நிலத்திலிருந்து சுமார் 34 கன மீட்டர் மண் வெளியேற வேண்டும். உதிர்ந்தால் மண்ணின் கொள்ளளவு பெருகும் என்பதால் எடையாகத்தான் ஒப்பிட வேண்டும். கணக்குக்கு மேல் எடை வந்தால், மேலே எங்கோ குழிவு விழுந்திருக்கிறது என்று பொருள். தார்ச்சாலை அந்தக் குழிவைச் சில மணி நேரமோ, சில நாளோ மறைத்து வைத்திருக்கும். அதற்குள் போக்குவரத்தை நிறுத்தி, மேலிருந்து துளையிட்டு, சிமெண்ட் கலவையால் நிரப்பிவிட வேண்டும்.