ஆளைப் பார்த்து வயசு சொல்லலாமா?

குழுவுக்குப் புதுசா ஒருத்தர் வந்தால் நாம் ஆளைப் பார்த்தே வயசைச் சொல்லிவிடுகிறோம். சதைப்பிடிப்பா இருந்தா பெரிய பொம்பளை, ஒல்லியா இருந்தா சின்னப் பொண்ணு. நாற்பதைத் தாண்டினால் இந்தக் கணக்கு தலைகீழ். கன்னத்தில் சதை இருந்தால் சுருக்கம் தெரியாது. மெலிந்தவருக்குக் கன்னம் ஒட்டிப்போகும். வெயிலில் களை எடுத்துக் கறுத்த தோலும் சேர்ந்தால் பாட்டி மாதிரி தெரியும். அறுபது முடிந்த பூசினாற்போன்ற அக்காவிடம், "உனக்கெதுக்கு முதியோர் பென்ஷன்?" என்று கேலி பேசுவதும் நாம்தான்.

கேலி போகட்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் இது ஆபத்து. சற்றுப் பருமனான பிள்ளைகள் பெரும்பாலும் சீக்கிரம் வயசுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளையை, "ஆள் வளர்ந்துட்டா, இன்னும் என்ன பள்ளிக்கூடம்?" என்கிறோம். அதைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டாரும் வந்துவிடுகிறார்கள். வயசுக்கு வந்த பிறகும் இடுப்பு எலும்பு வளர இன்னும் சில வருஷம் ஆகும். அதற்குள் பிள்ளை உண்டானால் பிரசவம் சிக்கலாகலாம். வெளியே தெரியும் சதை இதையெல்லாம் காட்டாது.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் அப்பாவுக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அம்மாவுக்குச் சிறை இல்லை, ஆனால் அபராதம் உண்டு. "பார்த்தா இருபது மாதிரி இருந்தாளே" என்றால் அதிகாரி கேட்கமாட்டார். பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும்தான் கேட்பார்.

பக்கத்து வீட்டில் இப்படிப் பேச்சு நடந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். போன் செய்யக் காசு கிடையாது.