பனைக் குடும்பம் – 9: தென்னங்கன்றின் கட்டுச்சோறு

பனங்கொட்டை தன் முளையை நீண்ட காம்பின் வழியே மண்ணுக்குள் ஆழமாக இறக்கிவிடுவதால், கிழங்கு விட்ட கன்றைச் சேதமின்றிப் பெயர்ப்பது அரிது என்பது சென்ற இதழிலேயே சொல்லப்பட்டுவிட்டது. தென்னையின் முளையோ தேங்காயை விட்டு விலகாமல் வளர்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்து அரசம்பட்டியில் நாற்றங்கால் ஒரு தொழிலாகவே நிலைபெற்று, அப்பகுதியின் நெட்டை இரகக் கன்றுகள் லாரியேறி வெளியூர்களுக்குப் போக முடிவதற்கு இந்த இயல்பே காரணம்.

நட்ட கன்று பிழைத்ததா என்று அறியும் வழி இவ்வாரத்துக்கு உரியது என்றாலும், தேங்காய்ப்பூவைத் தாண்டிச் செல்ல மனம் இடம் கொடுக்கவில்லை. தள்ளுவண்டிகளில் ஓடு உடைத்து விற்கப்படும் அந்த வெளிர்மஞ்சள் பஞ்சுருண்டை பூவே அன்று. விதையிலை, அதாவது கருவோடு பிறக்கும் முதல் இலை, ஓட்டுக்குள்ளேயே பருத்து உருவாக்கும் உறிஞ்சுறுப்பு அது. ஓட்டின் மூன்று கண்களில் மெல்லிய கண்ணுக்கு அடியில் கிடக்கும் சிறு கரு, ஒரு முனையை வெளியே குருத்தாகவும் வேராகவும் நீட்டும்போதே மறுமுனையை உள்ளே வளர்த்து, சில மாதங்களில் நீர் நிறைந்திருந்த குழி முழுவதையும் அடைத்துக்கொண்டு, பருப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குருத்துக்கு ஊட்டுகிறது. விரும்பித் தின்னப்படும் அதன் இனிப்பு, கன்றுக்குப் போய்ச் சேர வேண்டிய சர்க்கரைதான். இலை விரித்து வெயிலில் உணவு சமைக்கத் தொடங்கிய பின்னரும் கன்று ஏறத்தாழ ஓராண்டுக்கு இந்தக் கட்டுச்சோற்றை விடுவதில்லை.

நாற்றங்காலின் வழக்கங்கள் பலவற்றுக்கும் பொருள் இங்கேதான் கிடைக்கிறது. குலுக்கினால் நீர் சலசலக்காத நெற்று, அதாவது விதைக்கான முற்றிய காய், தொடக்கத்திலேயே ஒதுக்கப்படுகிறது. ஐந்து மாதமாகியும் முளைக்காதது கழிக்கப்படுகிறது. 9 முதல் 12 மாத வயதில், கழுத்து, அதாவது தண்டின் அடி, 10 செ.மீ. சுற்றளவுக்குக் குறையாமலும், இலைகள் ஆறேனும் விட்டும், அவை முந்திக் கீற்றாகப் பிரிந்தும் நிற்கும் கன்றே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதையும் தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்வெட்டியால் அடியோடு பெயர்க்க வேண்டும். இழுத்தால் கண்ணருகே இருக்கும் இணைப்பு அறுந்து, சோறு மட்டைக்குள்ளும் பசி வெளியேயுமாகிவிடும்.

நட்ட சில வாரங்களுக்குப் பச்சையாக நிற்கும் இலையைக் கண்டு மகிழ்வதும், அடியிலை காய்ந்ததைக் கண்டு கலங்குவதும் ஒருங்கே அவசரம் என்பதும் இதனால் விளங்கும்: பச்சை சேமிப்பின் மிச்சமாக இருக்கலாம், காய்ந்த இலை, முன்னரே முதிர்ந்ததாக இருக்கலாம். பார்க்க வேண்டியது நடுக்குருத்தை. குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே உயரத்தில் மைக்கோடு இட்டுவைத்தால், குருத்தின் கோடு மேலேறுகிறதா என்பது தெரியும். ஓசூர்த் தொழிற்சாலை வாயில்களில் கிரேன் வைத்து நடப்படும், கட்டுச்சோறு தீர்ந்த, வேரறுத்த வளர்ந்த அலங்காரப் பனைகளுக்கும் இக்கோடு பொருந்துமா என்பதும், புளோரிடாவில் புரோஷாட், டான்சல்மேன் ஆகிய இருவர் 1984-இல் வெளியிட்ட வேர் ஆய்வும் அடுத்த இதழில்.