நரம்பை எடுத்த பிறகும் பல் வலிப்பது ஏன்?

'ரூட் கெனல்' செய்து பல்லின் நரம்பை எடுத்தாயிற்று. ஆனால் அன்றிரவே பல் வலிக்கிறது. "டொக்டர் சரியாகச் செய்யவில்லை" என்று முடிவுகட்டி, வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்ஸிசிலினை எடுத்து விழுங்குகிறோம். எம்மவர் மத்தியில் இது வழமையாகிவிட்டது.

எடுக்கப்படுவது பல்லுக்குள் இருக்கும் நரம்பு மட்டுமே. பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் இழையத்தின் நரம்புகள் அப்படியே இருக்கின்றன. வேரின் உள்ளே சுத்தம் செய்யும்போது அதன் நுனியைச் சுற்றியுள்ள அந்த இழையம் அழற்சியடைகிறது. கடிக்கும்போது வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். முதல் இரண்டு நாட்கள் கூடுதலாக இருந்து, பலருக்கு ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுகிறதா? அடைப்பு சற்று உயரமாக இருக்கலாம். வைத்தியரிடம் போனால் தேய்த்துச் சரிசெய்வார்.

அன்டிபயோடிக் வலி நிவாரணி அல்ல. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வலிக்கு அதனால் பயனில்லை. இந்த வலிக்கு நன்றாக வேலை செய்வது இபுபுரூபன்தான். வளர்ந்தவர்களுக்கு 400 மில்லிகிராம், சாப்பிட்ட பின். நோன்பு காலமென்றால் ஸஹருக்கும் இப்தாருக்கும் பின் எடுக்கலாம். பரசிட்டமோலும் சேர்த்து எடுத்தால் வலி இன்னும் குறையும். ஆனால் 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. பனடோலும் பரசிட்டமோல்தான் என்பதை மறந்து இரண்டையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அஸ்பிரினை முரசில் வைத்து அமுக்குவது இன்னும் மோசம். அது முரசைப் புண்ணாக்கிவிடும்.

வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இபுபுரூபனைத் தொடக்கூடாது. எமது நாட்டில் டெங்குவையும் யோசிக்க வேண்டும். பல் வலிக்கும் நாட்களில் காய்ச்சலும் வந்தால் இபுபுரூபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இவை இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். 'பல்லால் வந்த காய்ச்சல்' என்று நீங்களே தீர்மானிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முகம் வீங்கிக்கொண்டே போனால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.