சின்னத்திரை மாற்றிய வீடுகள்

ஒரே குடும்பத்தின் கதை மாதக்கணக்கில் கூடத்துக்குள் வந்துபோனால், அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டைப்போல ஆகிவிடுகிறது. அதன் கதைமாந்தர் வாழும் விதமும் பார்ப்பவர்களின் எண்ணத்தில் படிகிறது. எத்தனை பிள்ளை போதும், பெண் வேலைக்குப் போகலாமா, கணவன் மனைவியை அடிப்பது தகுமா போன்ற கேள்விகளுக்கு மக்கள் வைத்திருந்த விடைகளை மெகா தொடர்கள் அசைத்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எழுதியவர் நினைத்ததற்கு நேர்மாறாக முடிந்த தொடர்களும் உண்டு.

1969-இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘சிம்ப்ளெமெந்தே மரியா’ இதற்கு நல்ல உதாரணம். நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வீட்டுவேலைக்கு வரும் மரியா, எழுதப் படிக்கக் கற்று, தையல் பழகி, பெரிய ஆடை வடிவமைப்பாளராக உயர்கிறாள். அதைப் பார்த்து எழுத்தறிவு வகுப்பிலும் தையல் வகுப்பிலும் சேர்ந்த பெண்கள் ஏராளம். மரியா தைத்த சிங்கர் தையல் இயந்திரத்தின் விற்பனையும் ஏறியது. அவளுடைய கல்யாணக் காட்சி தலைநகர் லிமாவில் படமாக்கப்பட்டபோது, சொந்த வீட்டுக் கல்யாணம்போல ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இத்தனைக்கும் யாருக்கும் பாடம் புகட்டும் எண்ணத்தோடு எடுக்கப்பட்ட தொடர் அல்ல அது.

தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டுச் செய்ய முடியுமா என்று யோசித்தவர், மெக்சிகோவின் தயாரிப்பாளர் மிகேல் சாபிதோ. பிறர் செய்வதைப் பார்த்தே மனிதர்கள் பலவற்றைக் கற்கிறார்கள் என்ற உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூராவின் கருத்தை அவர் அடிப்படையாகக் கொண்டார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட சிறு பிள்ளைகள் தாங்களும் அப்படியே அடித்ததைக் காட்டிய பந்தூராவின் 1961-ஆம் ஆண்டுச் சோதனை உளவியலில் புகழ்பெற்றது. சாபிதோவின் தொடர்களில் மூன்று வகைப் பாத்திரங்கள் வரும்: நல்வழியில் நடப்பவர், தீய வழியில் நடப்பவர், இரண்டுக்கும் நடுவே தடுமாறிப் பிறகு திருந்துபவர். பார்ப்பவர் தம்மை அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த மூன்றாமவரிடம்தான். முதியோர் கல்வியை மையமாக வைத்து அவர் 1975-இல் தொடங்கிய ‘வென் கொன்மீகோ’ (என்னோடு வா) ஓடியபோது, வகுப்பில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது.

பிரேசிலில் நடந்தது வேறு வகை. அங்கே 1960-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6 பிள்ளைகளுக்கு மேல் இருந்த நிலை, 2000-இல் 2.3 பிள்ளைகள் என்றானது. அரசு கட்டாயப்படுத்திய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் எதுவும் இதற்குக் காரணமல்ல. நகரமயமும் பெண்கல்வியும் பெரிய காரணங்கள். அவற்றோடு ‘குளோபோ’ தொலைக்காட்சியின் தொடர்களுக்கும் பங்குண்டு என்று 2012-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியது. அந்தத் தொடர்களின் நாயகிகளில் பெரும்பாலோருக்குப் பிள்ளை இல்லை, அல்லது ஒரே பிள்ளை. குளோபோ எட்டிய ஊர்களில் பிறப்பு விகிதம் மற்ற ஊர்களைவிடக் குறைந்தது. ஏழைப் பெண்களிடம் இந்தத் தாக்கம் கூடுதலாக இருந்தது. தொடர் பாத்திரங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமும் அந்த ஊர்களில் பரவியது. சிறு குடும்பமே சிறந்தது என்று எந்தப் பாத்திரமும் உபதேசம் செய்யவில்லை. வசதியாக வாழ்பவர்களின் வீடு அப்படித்தான் இருக்கும் என்று மட்டும் திரை காட்டியது.

இந்தியாவில் மெக்சிகோ முறையைப் பின்பற்றி 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கியது ‘ஹம் லோக்’. இத்தொடரை எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையின் பாடத்தை எடுத்துச் சொல்வார். தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. பார்வையாளர்கள் முகம் சுளித்ததும் அது குறைக்கப்பட்டது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு குடும்பத்துக்காகத் தேயும் தாய் பாகவந்தியை, ‘இப்படி இருக்கக் கூடாது’ என்று காட்டுவதற்காகவே படைத்திருந்தார்கள். பார்த்தவர்களில் பலரோ அவளையே உத்தமத் தாயாகக் கொண்டாடினார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நிறவெறியை நையாண்டி செய்ய 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடரில், ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரம் மற்ற இனத்தவரை வாய்க்கு வந்தபடி பேசும். அந்த மனப்போக்கு ஏற்கெனவே உள்ளவர்கள் ஆர்ச்சியின் பக்கமே நின்றதாக 1974-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. திரையில் வருவதை ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்கிறார்கள்.

இந்தியக் கிராமங்களுக்கு கேபிள் இணைப்பு பரவிய காலத்தில், 2001 முதல் 2003 வரை ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்த பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று. கேபிள் வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரி என்று சொன்ன பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆண் பிள்ளையே வேண்டும் என்ற விருப்பமும் தளர்ந்தது. தமிழில் ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ போன்ற தொடர்கள் சின்னத்திரையை ஆண்ட காலம் அது. மாமியார்-மருமகள் சண்டை, பழிவாங்கல், ஓயாத கண்ணீர் என்று சீரியல்கள் கடிந்துகொள்ளப்பட்டன. ஆயினும் சொந்தமாகச் சம்பாதிக்கும், தனியாக வெளியே போகும், முடிவெடுக்கும் பெண்களை அவற்றில் கிராமத்துப் பெண்கள் கண்டார்கள்.

இந்த மாற்றம் எந்த வழியாக நிகழ்கிறது என்பதற்கு ருவாண்டா ஒரு விடை தந்தது. 1994 இனப்படுகொலையின்போது வெறுப்பை ஊதிவிட்டது அங்கே ஒரு வானொலி. பத்தாண்டு கழித்து, பகைகொண்ட இரண்டு கிராமங்களின் கதையாக ‘முசெகெவேயா’ என்ற வானொலித் தொடர் சமரசத்துக்காக ஒலிபரப்பானது. அதை ஓராண்டு கேட்டவர்களை உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக் ஆராய்ந்தார். அவர்களுடைய சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ‘ஊரில் எது சரியென்று கொள்ளப்படுகிறது’ என்ற கணிப்பு மாறியிருந்தது, நடத்தையும் அதற்கேற்ப மாறியது.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று தமிழர் கேட்கும் கேள்வி இதுவே. அந்த நாலு பேரில் ஒருவராகத் தொலைக்காட்சித் தொடர் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே ஒரு தொடரின் தாக்கத்தை எடைபோட, கடைசிப் பகுதியில் வில்லிக்குத் தண்டனை கிடைத்ததா என்று பார்ப்பது போதாது. இடைப்பட்ட ஆயிரம் பகுதிகளில் யார் சமைத்தார்கள், யார் சம்பாதித்தார்கள், யார் கை ஓங்கியபோது மற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.