கையெழுத்து செல்லாத வயதில் தனித்து வாழ்தல்

விடுதி மாணவர்களிடையே சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும்போதெல்லாம் நம்மிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: பதினாறு, பதினேழு வயதில் பெற்றோரைப் பிரிந்து தனியாக வாழச் சட்டத்தில் இடமிருக்கிறதா? கேட்பவர்களின் காரணங்கள் வெவ்வேறு. ஒருவரைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். இன்னொருவருக்குத் தந்தையின் குடியும் அடியும் தாங்க முடியவில்லை. மற்றொருவரைக் குடும்பம் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கச் செங்கல் சூளைக்கு அழைக்கிறார்கள். 'முடியாது' என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்துவிடலாம். அந்த விடை சரியானதே, ஆனால் போதுமானதன்று.

1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி பதினெட்டு வயது நிறையும்வரை ஒருவர் இளவர், அதாவது மைனர். சில அமெரிக்க மாநிலங்களில் உள்ளதுபோல், அதற்கு முன்பே நீதிமன்ற ஆணை பெற்றுப் பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுபடும் வழி இந்தியாவில் இல்லை. இங்குப் பாதுகாவலரை மாற்றலாம். பாதுகாவலரே இல்லாமல் இருக்க முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் தந்தையை முதலிலும் தாயை அடுத்தும் இயற்கைப் பாதுகாவலராக வைக்கிறது. தந்தை பொறுப்பேற்காத நிலையில், அவர் உயிருடன் இருக்கும்போதே தாய் அந்த இடத்தைப் பெறலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவில், மணமான இளவர் பெண்ணுக்கு அவள் கணவனே பாதுகாவலன் என்ற வரி இன்றும் இருக்கிறது. குழந்தைத் திருமணத்தை ஒரு சட்டம் தண்டிக்க, மற்றொரு சட்டம் அந்தக் கணவனிடமே பெண்ணை ஒப்படைக்கிறது. கிறித்தவத் தலித் குடும்பங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டமே வழி.

அடுத்த தடை கையெழுத்து. இளவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் கூறியது இன்றும் நிலைத்திருக்கிறது. எனவே பதினேழு வயதினரின் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுத முடியாது, கடனும் கிடைக்காது. ஆனால் அவருடைய உழைப்பு செல்லும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதினான்கு வயது முடிந்தவரைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயத் தொழில்கள் தவிர்த்த இடங்களில் வேலைக்கு வைக்க அனுமதிக்கிறது. ஓய்வு நேரம் உட்பட நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. இந்த வரம்புக்குள் உழைத்து, அந்தக் கூலியில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பது எந்த ஊரில் இயலும் என்பது நமக்குத் தெரியவில்லை.

தமிழகத்தின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிச் சேர்க்கப்பட்ட வளரிளம் பெண்களில் பெருந்தொகையினர் தலித்துகள். பெற்றோரை விட்டுத் தொலைவில்தான் வாழ்ந்தார்கள். அதைத் தனித்து வாழ்தல் என்று எவரும் சொல்லமாட்டார். செங்கல் சூளைக்கு அழைக்கப்படும் மாணவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தந்தையோ பாட்டனோ வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரை உழைக்கச் செய்வதும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைத்தனமே. அந்தக் கடன் சட்டத்தின் பார்வையில் அழிந்துபோன கடன்.

இனிப் பணம். பத்து வயது நிறைந்தவர் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க 2014 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி வரையறுக்கும். அக்கணக்குக்கு வருவது எவ்வளவு? பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் விடுதி மாணவருக்குக் கல்விப்படி ஆண்டுக்கு 4,000 ரூபாய். தொழிற்படிப்பு மாணவருக்கு 13,500 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கூட்டிப் பார்த்தால் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும். வீட்டு வாடகைக்கு ஆகாது. அதைப் பெறவும் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மிகாதது என்ற சான்று வேண்டும். வீட்டைப் பகைத்து வந்தவருக்கு அந்தச் சான்றை யார் வாங்கித் தருவார்?

காதலரோடு வெளியேறுவோர் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினெட்டை நெருங்கிய கல்லூரி மாணவி தம் விருப்பப்படி வீட்டைவிட்டு வந்து ஒருவரோடு சேர்ந்தால், அவர் அப்பெண்ணை 'எடுத்துச் சென்றார்' ஆகாது என்று, சென்னையில் எழுந்த வரதராஜன் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. அத்தீர்ப்பு கடத்தல் குற்றத்துக்குத்தான் மறுமொழி. போக்சோ சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் கணக்கில் வராது. பெண் ஆதிக்கச் சாதியாகவும் இளைஞர் தலித்தாகவும் இருந்தால் இப்பிரிவுகள் எத்தனை வேகமாகப் பதியப்படுகின்றன என்பதை வன்கொடுமைப் புகார்களுக்காகக் காவல் நிலைய வாசலில் காத்துக்கிடப்போர் அறிவார்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், கொடுமைக்கு உள்ளாகும் குழந்தையை மட்டுமன்றி, குடும்பத்தாரால் உரிய வயதுக்கு முன் மணமுடிக்கப்படும் ஆபத்தில் உள்ளவரையும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. அவரை யாரும் அழைத்துவர வேண்டியதில்லை. 31ஆம் பிரிவின்படி அவரே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வரலாம், 1098ஐ அழைக்கலாம். அறிவுரை கூறி வீட்டுக்குத் திருப்பியனுப்பும் பழக்கம் பல குழுக்களிடம் உண்டு. ஆகவே, ஏன் திரும்ப முடியாது, யாரிடம் அல்லது எந்த விடுதியில் தங்க விரும்புகிறேன் என்பதை எழுத்தில் கொடுப்பது நல்லது. உத்தரவு பாதகமாக இருப்பின் முப்பது நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பாட்டியோ அத்தையோ ஏற்க முன்வந்தால், பாதுகாவலராக அவரை நியமிக்க 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனு செய்யலாம். விவரமறிந்த வயதுடைய இளவரின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். வெளியேறியதனால் பெற்றோரின் கடமை தீர்ந்துவிடாது. தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத இளவர் பி.என்.எஸ்.எஸ். 144ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம்.

செயற்பாட்டாளர்களுக்கு ஒரு சொல்: குடும்ப ஆதரவின்றி வரும் குழந்தையை இரக்கத்தால் வீட்டில் வைத்துக்கொள்வது ஆபத்து. 24 மணி நேரத்துக்குள் 1098, காவல்துறை, குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றுள் ஒன்றுக்குத் தெரிவிக்காதது குற்றம். ஆறு மாதச் சிறைவரை போகலாம். வயதுச் சான்றையும் முதலிலேயே பாருங்கள். பள்ளிச் சான்றிலுள்ள பிறந்த தேதிக்கே சட்டம் முதலிடம் தருகிறது. நம் தெருக்களில் அந்தத் தேதி பல நேரங்களில் தலைமையாசிரியர் சேர்க்கையன்று உத்தேசமாக எழுதியது. ஓராண்டு கூட்டி எழுதப்பட்டாலும் குறைத்து எழுதப்பட்டாலும் வழக்கின் திசையே மாறிவிடும்.

பதினெட்டு நிறைந்த அன்று சட்டம் தலைகீழாகிறது. வயதுவந்த மகள் எங்கே வாழ்வது என்பதை அவளே முடிவு செய்வாள், நீதிமன்றம் அவளுக்கு மேலான பாதுகாவலராக மாற இயலாது என்று சோனி ஜெரி வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஆயின் பணம் அன்றும் தலைகீழாவதில்லை. இல்லங்களில் வளர்ந்து வெளியேறுவோருக்கு 21 வயதுவரை பின்பராமரிப்பும், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாயும் உண்டு. பதினேழில் குழுவின் முன் சென்று இல்லத்தில் சேர்ந்தவருக்கு இது கிடைக்கலாம். பொறுத்திருந்து பதினெட்டில் நேரே வீட்டிலிருந்து வெளியேறியவருக்கு இல்லை. அவருக்கு மிஞ்சுவது ஆதிதிராவிடர் நல விடுதி.

அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா 1925இல் சோலாப்பூரில் விடுதி திறந்தபோது, அது ஊருக்கு வெளியே படிக்க வந்த பிள்ளைக்கு இரண்டாவது வீடாக இருந்தது. நாம் பேசும் மாணவருக்கு விடுதியே ஒரே வீடு. கோடை விடுமுறையில் அதைப் பூட்டினால் அவர் எந்த வீட்டுக்குப் போவார்? திரும்ப வீடில்லாத மாணவர்களுக்காக மாவட்டத்தில் ஒரு விடுதியையேனும் மே மாதத்திலும் திறந்துவைக்க வேண்டும். பெற்றோரைப் பிரிந்து வாழும் பதினெட்டு நிறைந்தவரின் வருமானச் சான்று அவர் பெயரிலேயே ஏற்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் கேட்டு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் மார்ச் மாதத்திலேயே மனு அளித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.