செங்கல் அடுக்கும் பத்துமலைப் படிகளும்

1881இல் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் சீரழிந்தது. மரமும் அத்தாப்புக் கூரையும் இனி உதவாது, செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று முடிவெடுத்தார் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். அதற்காகச் செங்கல் அறுத்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

அப்படி அறுத்து அடுக்கி வைத்த செங்கல்லை ஒவ்வொன்றாய் எண்ணத் தேவையில்லை. வரிசைக்கு 8, வரிசைகள் 6 என்றால் ஓர் அடுக்கில் 48. அப்படி 5 அடுக்கு இருந்தால் 240. பெருக்கலின் அடிப்படை இதுதான்: சம அளவுள்ள கூட்டங்களை ஒரே மூச்சில் கணக்கிடுவது. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் அதே அடுக்கில் வரிசைக்கு 6, வரிசைகள் 8. தொகை மட்டும் மாறாது.

இந்த ஓர் உண்மை பிள்ளைகளின் சுமையை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. பத்தாம் வாய்ப்பாடு வரை மொத்தம் 100 விடைகள். 7 × 8, 8 × 7 இரண்டும் ஒன்றே எனத் தெரிந்தால் 55 போதும். எளிதில் நாவில் வரும் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகளைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 21! வாய்ப்பாட்டைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பெரிய எண்களுக்கும் வழி உண்டு. பத்துமலை முருகன் கோயிலுக்கு ஏற 272 படிகள். 16ஐ 17ஆல் பெருக்கினால் வரும் எண் அது. பதினேழாம் வாய்ப்பாடு தெரியாதவரும் இதைப் போட்டுவிடலாம். 17ஐப் பத்தாகவும் ஏழாகவும் உடைத்தால் 160, 112, கூட்டினால் 272. தாளில் போடும் நீண்ட பெருக்கல் முழுவதும் இப்படி உடைத்துக் கூட்டும் வேலைதான்.

பெருக்கினால் எண் பெரிதாகும் என்பது பரவலான எண்ணம். அது எப்போதும் உண்மையல்ல. கிள்ளான் துணிக்கடையில் மீட்டர் 12 ரிங்கிட் துணியில் அரை மீட்டர் கேட்டால் 6 ரிங்கிட்தான். தமிழகத்தின் அந்நாளைய திண்ணைப் பள்ளிகளில் இது புதுமையாகவே இருக்கவில்லை. அங்கே முழு எண்களோடு முக்கால், அரை, கால், 1/16 ஆகிய மாகாணிக்கும் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலில் வாய்ப்பாடு இருந்தது. 1/320 ஆகிய முந்திரி வரை பின்னங்களுக்குப் பெயரும் இருந்தது. நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிப் பரப்புக் காணக் குழிமாற்று என்றே தனி வாய்ப்பாடு படித்தார்கள்.

மனப்பாடம் தேவைதான், வேகம் அதில்தான் வரும். ஆனால் பெற்றோரே, இன்று மாலை ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். 7 × 8ஐப் புளியங்கொட்டைகளால் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.